நாடகம் ஒரு பாடமாக: இண்டூர் வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இண்டூரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்



நாடகத்தைத் தமிழ்வழியிலேயே பள்ளிப் பாடமாகப் படிக்க முடியும். இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் படித்துவருகிறார்கள். பாடத்தின் பெயர் 'நாடகமும் அரங்கியலும்'. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகிய அழகியல் பாடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. நாடகத்தை எடுத்த பிள்ளை அதையே தொடர்ந்து படித்து, பதினொன்றாம் வகுப்பு முடிவில் வரும் கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரணதரத் தேர்வில் கணக்கு, அறிவியலோடு சேர்த்து எழுதலாம். அதற்குப் பிறகு உயர்தர வகுப்பிலும் அதே பாடம் உண்டு. அங்கே எடுக்கும் மதிப்பெண் பல்கலைக்கழக நுழைவுக்கும் கணக்கில் வரும்.

பாடத்துக்குள் இருப்பவை பல. கிரேக்க நாடு, வடமொழி, ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்து ஆகியவற்றின் நாடக வரலாறு ஒரு பக்கம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள், யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்து, இசை நாடகம் என்று தமிழ் அரங்கின் வரலாறு இன்னொரு பக்கம். அதோடு நடிப்பு, குரல் பயிற்சி, நாடகம் எழுதுதல், ஒப்பனை, உடை, மேடை அமைப்பு, ஒளி. எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. இதற்கென்று அந்த ஆசிரியர்கள் ஒரு சொல்வளத்தையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நாடகப் பிரதிக்கு எழுத்துரு, இயக்கத்துக்கு நெறியாள்கை, மேடையில் நிகழ்த்துவதற்கு ஆற்றுகை, மேடையைக் கற்பனை செய்து அமைப்பதற்குக் காட்சி விதானிப்பு, நடிகர்களைப் பழக்கும் ஆட்டங்களுக்கு அரங்க விளையாட்டு. இண்டூரில் நாளைக்கே நாடக வகுப்பு தொடங்கினாலும் சொல்லுக்காக ஆங்கில அகராதியைத் தேட வேண்டியதில்லை.

இந்தப் பாடம் அங்கே வேர்பிடித்த விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்பின் அண்ணாவிமாரை வரவழைத்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். அண்ணாவி என்றால் அந்தப் பக்கத்தில் கூத்து வாத்தியார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஆட்டத்தையும் பாட்டையும் கெடுக்காமல் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1962-இல் 'கர்ணன் போர்', 1964-இல் 'இராவணேசன்' என்று அடுத்தடுத்து அரங்கேறின. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபு நாடகங்களை ஆராய்ந்து பேராசிரியரானார். 1970-களின் நடுவில் கொழும்பில் ஆசிரியர்களுக்கென்றே நாடகப் பட்டயப் படிப்பு வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அவர் எழுதிய நாடகங்கள் ஏராளம். 1985-இல் ஊர் ஊராக ஆடப்பட்ட 'மண் சுமந்த மேனியர்' அவருடைய எழுத்துதான். ஆக, ஊர்க் கூத்தைத் தெரிந்த வாத்தியாரும் வகுப்பறையைத் தெரிந்த ஆசிரியரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியதில் பிறந்த பாடம் இது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் அது நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. முத்தமிழில் ஒன்று நாடகம் என்று எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்விக்குச் சிறப்பாசிரியர் உண்டே தவிர நாடகத்துக்கு இல்லை. பாடநூலில் நாடகப் பகுதி வந்தால் இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்று மாற்றி மாற்றி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக அளவில் படிப்பு இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி நடக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை உண்டு. தில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாடகத்தின் பக்கமே போகாத பிள்ளைக்கு இந்தக் கதவுகள் இருப்பதே தெரிவதில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இசை, நடனம், ஓவியத்தோடு நாடகத்தையும் சேர்த்து, கலைக்கல்வியைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கச் சொன்னது. சொல்லி இருபது ஆண்டாகிறது.

பள்ளிக்கல்வித் துறை 2022-23 முதல் நடத்திவரும் கலைத் திருவிழா ஒரு நல்ல மாற்றம். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் அந்தப் போட்டிகளில் நாடகத்துக்கும் இடம் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேடையேறக் கிடைத்த பெரிய வாய்ப்பு அது. என்றாலும் போட்டி வேறு, படிப்பு வேறு. போட்டிக்கு ஐந்தாறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே கூச்சமில்லாமல் பேசத் தெரிந்த பிள்ளைகள்தான் அதில் வருவார்கள். பத்து நாள் ஒத்திகை, பத்து நிமிட நாடகம், முடிவில் ஒரு பெரிய அழுகைக் காட்சி. வாயே திறக்காத பிள்ளை பார்வையாளர் வரிசையிலேயே இருந்துவிடும். நாடகப் பாடம் அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் தேவை.

தருமபுரி–பென்னாகரம் சாலையில் உள்ள இண்டூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் பொறுத்தவரை, நாடகம் வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருளாக இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள் திருவிழா. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு அர்ச்சுனன் வேடக்காரர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சையையும் பூவையும் பிள்ளைவரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்தி வாங்குவார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் களத்தில் கிடக்கும். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி. ஒரு ஊரே மேடையாகி, பார்க்கிறவர்களும் கதைக்குள் நின்றுவிடும் இப்படியொரு நாடகத்தை உலகத்தில் எத்தனை பல்கலைக்கழகங்கள் தேடிவந்து ஆராய்ந்திருக்கின்றன! அதைப் பாயில் படுத்துக்கொண்டு பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் பள்ளி இதுவரை அதைப்பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

கூத்தில் கற்றுக்கொடுக்க எவ்வளவு இருக்கிறது என்பதற்குத் திரையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணிக்குப் பின்னால் வேடம். முதலில் தெரிவது கிரீடத்தின் நுனியும் சலங்கை கட்டிய காலும்தான். முகம் தெரியாது. பாட்டு மட்டும் வருகிறது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வெளியே நின்றுகொண்டு 'யாரப்பா அது?' என்கிற தோரணையில் கேள்வி கேட்கிறான். வேடம் தன் பெருமையைச் சொல்கிறது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் துணி விலகுகிறது. இதற்குப் பணம் செலவில்லை, மின்சாரம் வேண்டாம். வகுப்பில் ஒரு போர்வையை வைத்து இதைச் செய்துபார்க்கலாம். முதலில் துணி இல்லாமல் ஒரு பிள்ளை நடந்து வந்து நிற்கட்டும். பிறகு துணிக்குப் பின்னாலிருந்து வரட்டும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, எந்த இடத்தில் நெஞ்சு துடித்தது, துணி பிடித்தவர்கள் முன்கூட்டியே விலக்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். நுழைவு, எதிர்பார்ப்பு, காலம் என்று நாடக நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் விஷயம் ஒரே பாடவேளையில் பிள்ளையின் உடம்புக்குள் போய்விடுகிறது.

பழைய நூல்களும் இப்படித்தான் வகுப்பில் உயிர்பெறும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய மேடைக்கு அளவு சொல்கிறது. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஒரு கோலுக்கு இருபத்துநான்கு பெருவிரல் அளவு. பிள்ளைகள் தங்கள் பெருவிரலின் அகலத்தை அளக்கட்டும். ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் என்று வைத்தால் கோல் 48 சென்டிமீட்டர். மேடை 3.36 மீட்டர் அகலம், 3.84 மீட்டர் நீளம். சாக்பீஸால் வகுப்பறைத் தரையில் கோடு போட்டால், காவியத்தில் மட்டும் இருந்த அரங்கம் பெஞ்சுகளை ஒதுக்கிய இடத்திலேயே அடங்கிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் இறங்கி நின்று, 'இவ்வளவு சின்னதா?' என்று கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து பாடம் தொடங்கலாம். அவ்வளவு சிறிய இடத்தில் ஆடினால் முகத்தின் அசைவு எவ்வளவு தூரம் தெரியும், விளக்கை எங்கே வைத்தால் தூணின் நிழல் மேடையில் விழாது, மூன்று வகை எழினியை எங்கெங்கே கட்டுவார்கள் என்று அது தானாகவே போகும். கணக்கு, அறிவியல், தமிழ் மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளும் அப்படியே. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று ஒப்பித்த பிள்ளைக்கு இளிவரல் என்றால் உடம்பு எப்படிக் குறுகும் என்று கேட்டால் பதில் வராது. செய்துபார்த்த பிள்ளை மறக்காது.

இந்த மண்ணுக்கே உரிய கதையை வைத்தும் வகுப்பு நடக்கலாம். தகடூர் என்ற பழைய பெயர் தருமபுரிக்கு உரியது. அதை ஆண்ட அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனது புறநானூற்றில் உள்ளது. தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். ஔவை அதைப் பார்த்துப் புகழ்கிறாள். இங்குள்ள ஆயுதங்கள் மயில்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளப்பாகக் காவலோடு இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். ஒரு பிள்ளை ஔவை, ஒரு பிள்ளை தொண்டைமான். ஔவையாக வரும் பிள்ளை இதை முதலில் மெய்யான புகழ்ச்சியாகச் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்து, உள்ளே இருக்கும் எச்சரிக்கையைத் தெரிந்துகொண்டு, ஆனால் குரலில் காட்டாமல் சொல்லட்டும். தொண்டைமானாக நிற்கும் பிள்ளை, எந்தச் சொல்லில் தன் முகம் மாற வேண்டும் என்று தேடட்டும். பகைவன் அரண்மனையில் நிற்கும் ஒரு முதியவள் சொல்லும் வார்த்தைக்குக் கீழே இன்னொரு வார்த்தை ஓடுவது அப்போதுதான் பிள்ளைக்குப் பிடிபடும். கோனார் நோட்ஸில் 'புகழ்வது போலப் பழித்தல்' என்று ஒரு வரியில் முடிந்துபோகிற பாட்டு இது.

அதிகத் தொலைவில்லாத பாப்பாரப்பட்டியில் 1925-இல் சுப்பிரமணிய சிவா இறந்தார். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, அந்த உடம்போடு ஊர் ஊராக நடந்த மனிதர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவருடைய நினைவிடத்துக்குப் போய்வந்து, படித்து, பத்து நிமிட எழுத்துரு ஒன்றைத் தாங்களே எழுதினால் வரலாறும் மொழியும் சேர்ந்து வரும். அதில் பிள்ளைகள் பேசும் வசனம் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கலாம். இந்த வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். மேடையில் பேசுவதற்கென்று செயற்கையான ஒரு குரலையும் நடையையும் பழக்குவது பள்ளி நாடகங்களின் பழைய கெட்ட வழக்கம். ஊர்ப் பேச்சை மேடையில் பேசலாம் என்று தெரிந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

நாடகத்துக்காகப் படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளின் கதையும் தமிழ்நாட்டில் நீளமானது. பெற்றோரின் அச்சத்துக்கு அதில் நியாயம் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, அதைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகள், சிறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பாட்டும் வசனமும் பழக்கின. தி.க. சண்முகம் சகோதரர்கள் அப்படி வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் பள்ளியைவிட்டு இத்தகைய கம்பெனிகளில் சேர்ந்தவர்களே. தமிழ் உச்சரிப்பிலும் நினைவாற்றலிலும் அங்கே கிடைத்த பயிற்சி பெரியது. ஆனால் புகழடைந்த சில பேருக்குப் பின்னால், படிப்பும் இல்லாமல் வேடமும் இல்லாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். கூத்துக் குடும்பங்களிலும் இதே சிக்கல்தான். இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் பள்ளிக்கு வரும் பையன் வகுப்பில் தூங்குவான், அடி வாங்குவான், ஒருநாள் வருவதையே நிறுத்திவிடுவான்.

இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிய இடம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவுக்குப் போன ராஜகோபால், 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அவரும் கூத்து ஆய்வாளர் ஹன்னே டி புருய்னும் சேர்ந்து 2002-இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். உண்டு உறைவிடப் பள்ளி அது. ஒரே கூரையின் கீழ் பள்ளிப் பாடமும் கூத்துப் பயிற்சியும் நடந்தன. ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் சேர்ந்து, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜ வேடம் ஆடினார்கள். 2020 வரை குருகுலம் நடந்தது. ஆடினால் படிப்பு போகும் என்ற பேச்சுக்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகள் பதிலாக இருக்கின்றன. இண்டூருக்கு இன்னும் அருகே, சேலம் மாவட்டம் ஏர்வாடியில் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் களரி என்ற பெயரில் தெருக்கூத்துப் பயிற்சிப் பட்டறை நடத்தி, மேற்குப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களையும் பிரதிகளையும் கவனித்துவந்திருக்கிறார். சேலம், தருமபுரிக் கூத்து தனி நடை கொண்டது. அதைத் தெரிந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பள்ளி அவர்களைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகளை மேடையேற்றத் தயங்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் அதிகம். மாலை ஒத்திகை, வெளியூர்ப் பயணம், ஊர்ப்பேச்சு என்று காரணங்கள் உண்டு. நாடகம் கால அட்டவணைக்குள் வரும் பாடமானால் இவற்றில் பெரும்பகுதி இல்லாமல் போகும். ஒத்திகை பாடவேளைக்குள் முடியும், எல்லாப் பிள்ளையும் செய்வதால் எந்தப் பிள்ளையும் தனித்துத் தெரியாது, பெற்றோர் வந்து வகுப்பிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். சபையில் திரௌபதி கேட்ட கேள்வி இங்கே எல்லாருக்கும் தெரியும். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க ஏது உரிமை? பகடைத் துகில் கூத்தில் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ஆண் குரலில்தான் ஊர் கேட்டிருக்கிறது. பதினான்கு வயதுப் பெண் எழுந்து நின்று, தன் குரலில், வகுப்பில் உள்ள பையன்களைப் பார்த்து அதைக் கேட்பது வெறும் நடிப்புப் பயிற்சி மட்டும் இல்லை. குழந்தைத் திருமணத்தை எதிர்த்து எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு பெண் தன் வீட்டில் சொல்வதற்கு ஒரு குரல் வேண்டும். குரலைப் பழக்குகிற இடம் பள்ளியில் வேறு எங்கே இருக்கிறது?

யார் சொல்லிக்கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. தனிப் பணியிடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தமிழாசிரியரோ சமூக அறிவியல் ஆசிரியரோ ஒருவர் பொறுப்பேற்று, ஊர்க் கூத்து வாத்தியார் ஒருவரோடு சேர்ந்து நடத்தலாம். கூத்து கற்றுக்கொடுப்பவரை ஊர் ஏற்கெனவே 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை முதலில் தொட வேண்டாம். ஆறு, ஏழாம் வகுப்புகளில் அரங்க விளையாட்டும் குரலும் உடம்பும். கண்ணைக் கட்டிக்கொண்டு தோழியின் குரலை மட்டும் வைத்து நடப்பது, எதிரே நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோலச் செய்வது, மூச்சை வயிற்றிலிருந்து இழுத்துப் பள்ளி மைதானத்தின் அந்தப் பக்கத்துக்குக் கத்தாமல் பேசுவது. எட்டாம் வகுப்பில் எழுத்துரு. ஒன்பதாம் வகுப்பில் கூத்தையும் மேடை நாடகத்தையும் ஒப்பிட்டுப் படித்து, ஒரு முழு ஆற்றுகை.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு இலங்கைப் பாடத்திலேயே வழி இருக்கிறது. நன்றாக நடிப்பவருக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு பிள்ளை எழுதும் நாட்குறிப்புக்கு ஒரு பங்கு கொடுக்கலாம். எழுத்துருவுக்கு ஒன்று, குழுவாகச் செய்த ஆற்றுகையில் திரை பிடித்தவர், ஒப்பனை போட்டவர், தாளம் தட்டியவர் உட்பட எல்லாருக்கும் ஒன்று, கோயிலில் பார்த்த ஒரு கூத்தைப் பற்றிப் பிள்ளையே எழுதும் கட்டுரைக்கு ஒன்று. மேடையே ஏறாத பிள்ளையும் இதில் முதல் மதிப்பெண் வாங்க முடியும். கட்டுரை என்றால் கதைச் சுருக்கம் எழுதி முடிப்பதில்லை. கட்டியக்காரன் எத்தனை இடத்தில் கதைக்கு வெளியே வந்து ஊர் விஷயம் பேசினான், முகவீணை இசை எப்போது நின்றது, எந்த நேரத்தில் கூட்டம் கலைந்தது, ஏன் கலைந்தது என்று உன்னித்துப் பார்த்து எழுதுவது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1957 முதல் நடக்கும் பள்ளிக் கலோற்சவத்தில் நாடகத்தோடு கூடியாட்டமும் சாக்கியார் கூத்தும் போட்டிப் பிரிவுகளாக உள்ளன. கோயிலுக்குள் இருந்த கலைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சிச் செலவும் போட்டிச் சண்டையும் சேர்ந்து வந்ததையும் அங்கே பலரும் சொல்கிறார்கள். அதனால் இண்டூருக்குப் போட்டியைவிட வகுப்பே ஏற்றது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். குழுவின் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கொடுத்தால் தலைமையாசிரியருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். தேவைப்படும் பொருள் பட்டியல் சிறியது. கெட்டியான இரண்டு போர்வை, ஒரு மத்தளம் அல்லது பறை, ஒரு ஜோடித் தாளம், சாக்பீஸ், நாட்குறிப்புக்கு ஆளுக்கொரு நோட்டு. பெஞ்சை ஒதுக்கிவிட்டால் வகுப்பறை போதும், மழையில்லாத நாளில் மரத்தடி இன்னும் நல்லது. கூத்து வாத்தியாருக்குத் தரும் சம்பளத்தை மட்டும் மரியாதையாக வைக்க வேண்டும். பஸ் செலவும் ஒரு துண்டும் கொடுத்து அனுப்பிவைப்பது கூடாது. அவர் கதையும் பாட்டும் மனதில் வைத்திருக்கும் ஆள், வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு நிகரானவர்.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசியில் பாரதக் கூத்து நெருக்கமாக நடக்கும். அந்த மாதங்களில் வாத்தியார்களுக்கு இரவில் ஆட்டம், பகலில் தூக்கம். பள்ளியிலும் அப்போது ஆண்டுத் தேர்வும் கோடை விடுமுறையும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் அவர்களுக்கு ஆட்டம் குறைவு, வருமானமும் குறைவு. பள்ளியில் அதன் பெரும்பகுதி காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடைப்பட்ட, பாடம் ஓரளவு நிதானமாக நடக்கும் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆசிரியர் அரங்க விளையாட்டுகளை நடத்தி முடித்துவிட்டால், ஐப்பசியில் வாத்தியாரை அழைத்து அடவையும் பாட்டையும் தொடங்கலாம். தை பிறப்பதற்குள் பிள்ளைகள் ஒரு காட்சியை ஆடக் கற்றிருப்பார்கள். பங்குனியில் கோயில் களத்தில் அதே காட்சியை வாத்தியார் ஆடும்போது அவர்கள் முன் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.